அரிவரிப் பிள்ளையும் வீட்டுப் படிப்பும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



பாலர் வகுப்பிற் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் வாசிப்பும் எழுத்தும் பழக்குவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இளைஞர் கூட்டத்தில் இஃது என்ன பேச்சு, இதனை மாதர் சங்கத்திலல்லவா பேச வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். இங்கே இருக்கின்ற இளைஞர்களுள் வீட்டில் ஒரு சின்னஞ்சிறு பிள்ளையேனும் இல்லாதவர் சிலரே. தம்பி தங்கை இல்லாவிட்டால் அண்ணன்மார் அக்காமாரின் பிள்ளைகள் உண்டு. தந்தை கடல் கடந்து உழைக்கப் போய்விட, தாயும் வேலைக்குப் போக, மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர்கள் அம்மம்மாவும் மாமனும் சித்தியுமே. கொப்பியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை வருவதும் அவர்களிடந்தான். ஆகவே கேட்க வேண்டியவர்களே இங்கு இருக்கின்றார்கள் என்று கொண்டு தொடங்குகின்றோம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுவோம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று மேசைக்கு முன்னால் இருத்தப்படுகின்றது. கொப்பியில் ஒரு பக்கம் முழுவதும் ‘அ’ எழுத வேண்டும். மூன்றாம் வரியில் எழுத்துச் சரிகின்றது, அழிறப்பர் வருகின்றது. ஐந்தாம் வரியிற் கடதாசி கிழிகின்றது, பெரியவர் குரல் உயர்கின்றது, பிள்ளை அழுகின்றது. இரவு எட்டு மணிக்கு ஒருவாறு பக்கம் நிறைந்துவிடுகின்றது. தாய்க்கும் திருப்தி, மறுநாட் கொப்பியைப் பார்க்கும் ஆசிரியைக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பக்கத்தில் நிற்கும் எழுத்தின் ஓசை என்ன, அவ்வோசையில் தொடங்கும் பொருள் எது என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும். கை உழைத்தது, செவியும் கருத்தும் உழைக்கவில்லை. இவ்வாறு ஓராண்டு சென்றால், எழுத்து என்பது ஒரு தண்டனை என்று பிள்ளை தன் மனத்தில் முடிவு செய்துவிடும். ஐந்து வயதிற் செய்த அந்த முடிவைப் பத்து வயதில் மாற்றுவது எளிய காரியமன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு வயதிலேயே ஓடத் தொடங்கும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இவ்விடயத்தில் நம்மைவிடப் பொறுமைசாலிகள். விசயதசமியிலேனும் தைப்பூசத்திலேனும் ஏடு தொடக்கும்போது என்ன நடக்கின்றது? பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, தட்டிற் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றார். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுவிக்கின்றார். அங்கே கோடில்லை, பென்சில் இல்லை, அழிப்பதற்கு ஒன்றுமில்லை. மடி உண்டு, விரல் உண்டு, ஓசை உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்தார்கள். சடங்கை வருடந்தோறும் நடத்துகின்றோம். அதில் அடங்கியுள்ள கல்வி முறையை மறுநாளே மறந்து கொப்பியைத் திறந்துவிடுகின்றோம்.

இது பழைமைப் பற்றினாற் சொல்வதன்று. இத்தாலி நாட்டு மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியிற் சிறுவர் இல்லத்தைத் தொடங்கியபோது, சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, அவ்வவற்றின் ஓசையைச் சொல்லப் பழக்கினார். அப்பிள்ளைகளிற் பலர் வாசிக்கத் தொடங்குமுன்னரே தம் மனத்திலுள்ள சொல்லை எழுதத் தொடங்கியதை அவர் கண்டார். அந்த அம்மையார் 1939இற் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க் காலம் முழுவதும் இந்தியாவில் இருந்து ஆசிரியர்களைப் பழக்கினார். அரிசித் தட்டும் சொரசொரப்புத் தாளும் சொல்வது ஒன்றே: விரல் உணரவேண்டும், செவி கேட்கவேண்டும், பென்சில் பிறகு வரலாம்.

கையைப்பற்றி ஒரு வார்த்தை. மணிக்கட்டில் உள்ள சிறிய எலும்புகள் எட்டு. நான்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவை எட்டும் எலும்பாகி முடிந்திரா. சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலை மூன்று விரலாற் பிடிக்கும் திறனும் மெல்ல மெல்லவே வரும். ஆகவே எழுதப் பழக்குமுன் கையைப் பழக்குங்கள். இதற்குக் கடையில் ஒன்றும் வாங்க வேண்டா. பூத் தொடுக்கும் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து பூவை எடுத்துக் கொடுக்கலாம். பயற்றில் கல் பொறுக்கலாம். பிசைந்த மாவை உருட்டலாம். குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்யலாம். முற்றத்து மணலிற் பெருவிரல் கொண்டு வட்டம் போடலாம். சுவரில் நனைந்த தூரிகையால் நீரெழுத்து எழுதலாம். நீரெழுத்தைப் பிள்ளைகள் மிகவும் விரும்பும்; வெயில் வந்து அழித்துவிடுவதனால் அழிறப்பர்ச் சண்டையும் இல்லை.

இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளையைப்பற்றிப் பெரியோர் மனம் கோணாது கேட்க வேண்டும். ஏடு தொடக்குவது வலக்கையாற்றான் ஆகவேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினால் அந்த ஒரு நாள் அவ்வாறே ஆகட்டும். மறுநாட் தொடக்கம் அதன் கையை விட்டுவிடுங்கள். எந்தக் கை முந்துகின்றது என்பது பிள்ளையின் மூளையமைப்போடு சேர்ந்து வருவது; அடித்தோ கட்டியோ மாற்றத்தக்க தீப்பழக்கமன்று. தாளைச் சற்று வலப்புறம் சரித்து வைத்துக் கொடுத்தால் இடக்கைப் பிள்ளைக்கு எழுதுவது எளிதாகும்.

இனிச் செவிக்கு வருவோம். வாசிப்பின் வேர் கண்ணில் இல்லை, காதில் இருக்கின்றது. எழுத்து என்பது ஓசையின் அடையாளம். ஓசையைப் பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அடையாளத்தைக் காட்டிப் பயன் என்ன? தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. நம் நெடுங்கணக்கின் உயிர்மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழு ஓசை. வாயில் ஒரே தட்டில் வருவது. கதவு என்ற சொல்லைக் கைதட்டிச் சொன்னால் க, த, வு என்று மூன்று தட்டு, மூன்று எழுத்து. இந்தக் கைதட்டு விளையாட்டை மூன்றரை வயதுப் பிள்ளையும் ஆடும். குளிக்க வார்க்கும்போது ஆடலாம், பேருந்துக்குக் காத்து நிற்கும்போது ஆடலாம். பின்னர் முதலோசை விளையாட்டு: “இந்த அறையில் ‘ம’வில் தொடங்குவது எது?” மணி என்றாலும் சரி, மேசை என்றாலும் சரி; மேசையைச் சொன்ன பிள்ளைக்கு மகர ஓசை காதில் விழுந்துவிட்டது. (முதலெழுத்தைத் ‘தலையெழுத்து’ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த ஒருவரை நாம் அறிவோம். அதனைக் கேட்ட பெரியவர் ஒருவர் பெருமூச்செறிந்தார்.) நொடி விடுவதும் பழைய பாட்டுகள் பாடுவதும் இந்தப் பயிற்சியே. தங்கத் தாத்தா என்று நாம் அழைக்கும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளிப் பாட்டும் தெரிந்த வீட்டிற் பிள்ளைக்கு ஓசைப் பயிற்சி பாதி முடிந்தது.

இவ்விடத்தில் எழுத்தின் பெயரும் எழுத்தின் ஓசையும் வேறு என்பதை மறத்தலாகாது. ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா என்பன பெயர்கள். அவை நம் வழக்கில் ஊறியவை. பாட்டாக இசைக்கவும் இனியவை. ஆனாற் பெயரை மட்டும் அறிந்த பிள்ளையிடம் ‘படம்’ என்ற சொல்லைக் கொடுத்தால், “பானா, டானா, இம்” என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். பானாவும் டானாவும் சேர்ந்து எப்படிப் படமாகும் என்பது அதற்குப் பெரும் புதிர். ஆகவே எழுத்தைச் சுட்டும்போது ‘ப’ என்று குறுக ஒலித்துக் காட்டுங்கள். ப, ட, ம் என்று மெல்லச் சொல்லி, பிறகு விரைந்து சொன்னால் அதன் முகத்தில் ஓர் ஒளி தோன்றும். அந்த ஒளியைக் காண்பதற்காகவே இவ்வேலையைச் செய்யலாம்.

அகரமே எழுத்துக்கு முதல் என்பதில் ஐயமில்லை. ஆத்திசூடியும் அந்த முறையிலேதான் செல்கின்றது. வாய்க்கு அம்முறை இருக்கட்டும். கைக்கு அகரம் எளிய எழுத்தன்று. சுழியும் வளைவும் கிடைக்கோடும் நிலைக்கோடும் அதிற் கூடிக் கிடக்கின்றன. ‘ட’வோ ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடும். இன்னொரு நிலைக்கோடு இட்டால் ‘ப’. அதன்பின் ‘ம’வும் ‘ய’வும் தொலைவில் இல்லை. ட, ப, ம ஆகிய மூன்றையும் புள்ளி ஒன்றையும் வைத்துக்கொண்டு படம், பட்டம், மடம், மட்டம், பப்படம் என ஐந்து சொற்களை வாசித்துவிடலாம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டங்கள் ஏறுவதைப் பார்த்து வந்த பிள்ளைக்கு, அந்தப் பட்டம் இந்தத் தாளில் நான்கு எழுத்தாக நிற்கின்றது என்று காட்டினால் அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. அரவு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மாமாவும் பாப்பாவும் பாடமும் மாடமும் வந்துவிடும். மாமா என்று எழுதிக் காட்டும்போது மாமன் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பெற்றோர் அஞ்ச வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 வடிவங்களும், அவற்றோடு சேரும் குறிகள் சிலவுமே பிள்ளை அறிய வேண்டியவை. மற்றவை சேர்க்கையால் வருவன. ஆயினும் அச்சேர்க்கையிற் சில முட்டுப்பாடுகள் உண்டு. கொம்பு ஒன்று. ‘மே’ என்று சொல்லும்போது மகரம் முன்னும் ஏகாரம் பின்னும் ஒலிக்கின்றன. எழுதும்போது கொம்பு முன்னே வந்து நிற்கின்றது. கோழிக்கு இரண்டு பக்கமும் காவல். பிள்ளை கொம்பைப் பின்னால் எழுதினால் அது மடமையன்று. அதன் செவி சரியாகக் கேட்டிருக்கின்றது. பழைய நாட்காட்டி மட்டையில் எழுத்துகளை ஒரு புறமும் குறிகளை ஒரு புறமும் வெட்டி எடுத்து, மேசையில் வைத்துக் கொம்பை இங்கும் அங்கும் நகர்த்தி விளையாடவிட்டால் இரண்டு கிழமையில் இது தீரும். உகரக் குறியோ ஒரே வடிவாய் நிற்பதில்லை. கு, மு, ரு ஒரு சாயல். சு, பு, வு ஒரு சாயல். து, நு, லு இன்னொரு சாயல். சாயல் சாயலாகக் காட்டினாற் பிள்ளை பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக ஒப்புவிக்கச் சொன்னால் நாமே திணறுவோம்.

புள்ளியையும் பிள்ளைகள் மறக்கும். ‘படம்’ எழுதச் சொன்னால் ‘படம’ என்று நிற்கும். சிவப்பு மையால் வெட்ட வேண்டா. எழுதியபடியே, “பட-ம” என்று நீட்டி வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சிரிக்கும், சிரித்துவிட்டுத் தானே புள்ளி வைக்கும். அம்மாவை ‘அமா’ என்றும் பூனையைப் ‘பூன’ என்றும் எழுதும் பிள்ளை, ஓசையைக் கேட்டு எழுத்தைத் தேடுகின்றது என்பதே பொருள். அதனைப் பாராட்டி, கீழே சரியான சொல்லை நாம் எழுதி வைத்தாற் போதும். வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ என்று எழுதினாற் குற்றம் பிள்ளையினுடையதன்று. நம்மவருட் பலர் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கேட்டதைப் பிள்ளை எழுதிற்று. நாம் வாசித்துக் காட்டும்போது நாவை மடித்து ஒலித்தால், நாளடைவில் அதுவும் மடிக்கும். அவ்வாறே கல், அகல், தங்கம் என்பவற்றிற் ககரமும், பச்சை, பசி, மஞ்சள் என்பவற்றிற் சகரமும் வெவ்வேறாக ஒலிப்பதற்கு இந்த வயதில் விதி கூற வேண்டா. சொல்லோடு ஓசையும் தானே வரும்.

முன்வரிசையில் இருக்கும் அம்மப்பாமார்க்கு ஒரு விண்ணப்பம். ‘லை’, ‘னை’ என்பவற்றைத் துதிக்கை வைத்த பழைய வடிவிலும், ‘றா’, ‘னா’ என்பவற்றைச் சுழித்தும் எழுதப் பழகியவர்கள் நீங்கள். 1978இற் தமிழ்நாட்டரசு ஆணையிட்டு ஏற்றுக்கொண்ட சீர்திருத்த வடிவமே இன்று பிள்ளையின் பாடநூலில் இருக்கின்றது. முதலில் நூலில் உள்ள வடிவத்தையே எழுதிக் காட்டுங்கள். வாசிப்பு நன்றாகப் பழகிய பிறகு, “எங்கள் காலத்து யானைக்குத் துதிக்கை இருந்தது” என்று பழைய ‘னை’யைக் காட்டினாற் பிள்ளை வியந்து பார்க்கும். பெயர் வைக்கும் இளந்தாய் தந்தையர்க்கும் ஒன்று சொல்ல ஆசை. பிள்ளை முதலில் எழுத விரும்பும் சொல் தன் பெயரே. இக்காலத்துப் பெயர்களோ ஜ, ஷ, ஸ, ஹ என்று கிரந்த எழுத்துகளாய் நிறைந்திருக்கின்றன. குமரனும் ரமணியும் ஒரு கிழமையிற் பெயர் எழுதிவிட, அவர்களோடு படிக்கும் பிள்ளை இரண்டு மாதம் ‘ஷ்’ஓடு மல்லாடுகின்றது. வைத்த பெயரை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் சற்றுப் பொறுமை காட்டுங்கள் என்கின்றோம்.

வாசிப்புக்கு வேண்டிய எழுத்து வீட்டிலேயே கிடக்கின்றது. குசினியிலுள்ள பேணிகளில் உப்பு, சீனி, பருப்பு என்று எழுதி ஒட்டுங்கள். “சீனிப் பேணியை எடுத்து வா” என்றாற் பிள்ளை வாசித்துத்தான் எடுக்க வேண்டும். தவறினால் தேநீர் உவர்க்கும், அதுவும் ஒரு பாடமே. தெருவிற் பெயர்ப்பலகைகள் மும்மொழியிலும் இருக்கின்றன. எந்த வரி நம்முடையது என்று கேட்பதே நல்ல தொடக்கம். கடைக்கு எழுதும் சாமான் பட்டியலில் ஒரு பொருளைப் பிள்ளை எழுதட்டும். அது எழுதிய ‘முட்ட’யைக் கண்டு மாமன் முட்டை வாங்கி வந்தால், எழுத்துக்கு வலிமை உண்டு என்பதைப் பிள்ளை ஒருபோதும் மறவாது. பக்கம் பக்கமாக எழுதிய ‘அ’ எவருக்கும் எதனையும் சொல்லவில்லை. இந்த ஒரு சொல் கடைவரை போய் வந்தது.

எல்லாவற்றிலும் பெரியது வாசித்துக் காட்டுதல். நம் மொழியில் இதற்குத் தனித்த காரணம் உண்டு. வீட்டில் “அம்மா வாறா” என்று பேசும் பிள்ளை, நூலில் “அம்மா வருகிறார்” என்று காண்கின்றது. “நிக்குது” என்பது நூலில் “நிற்கின்றது” ஆகின்றது. பேச்சுத் தமிழ் ஒன்று, ஏட்டுத் தமிழ் ஒன்று. ஏட்டுத் தமிழைக் காதாற் கேளாத பிள்ளை, எழுத்தையெல்லாம் கூட்டி வாசித்த பின்னும் பொருள் அறியாது நிற்கும். நாள்தோறும் பத்து நிமிடம் கதை வாசிக்கக் கேட்ட பிள்ளைக்கு அம்மொழி அயலாகத் தோன்றாது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர் பெருமான், பிள்ளைகளுக்கேற்ற வசன நூல் வேண்டுமென்று கண்டு பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சேற்றினார். இன்று அழகிய படங்களோடு சிறுவர் நூல்கள் வருகின்றன. பொது நூலகங்களிற் சிறுவர் பகுதி இருக்கின்றது. எடுத்து வருவார்தாம் குறைவு.

வாசிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் அணைத்து இருத்தி, வரியின் கீழே விரலை ஓட்டுங்கள். இடப்புறமிருந்து வலப்புறம் செல்வதும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதும் அவ்வாறே பதியும். இடையில் நிறுத்தி, “நரி இனி என்ன செய்யும்?” என்று கேளுங்கள். “இந்த எழுத்து என்ன, அந்த எழுத்து என்ன” என்று கதையைச் சோதனையாக்கிவிட வேண்டா. ஒரே புத்தகத்தை இருபதாம் முறை கொண்டுவந்தாலும் சலியாது வாசியுங்கள். மனப்பாடமாகிவிட்ட கதையைப் பிள்ளை தானே விரலோட்டி ‘வாசிப்பது’ பொய் வாசிப்பன்று. மெய் வாசிப்பின் வாசற்படி அதுவே.

கைத்தொலைபேசியில் எழுத்துப் பாட்டுகள் வருகின்றனவே, அவை போதாவா என்று சில இளைஞர்கள் கேட்பதுண்டு. அவற்றை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று சொல்லமாட்டோம். அவை பாடும், பிள்ளை எழுப்பும் கேள்விக்கு மறுமொழி சொல்லா. “நரிக்கு ஏன் அம்மா இல்லை?” என்ற வினாவுக்கு மறுமொழி சொல்ல ஒரு மனிதர் வேண்டும். ஆங்கிலத்தை முதலிற் பழக்கினால் என்ன என்று கொழும்பில் உள்ளோர் கேட்பர். பிள்ளை எந்த மொழியிற் கனவு காண்கின்றதோ அந்த மொழியில் வாசிப்பைத் தொடங்குவதே எளிது. ஓசையை எழுத்தாகவும் எழுத்தை ஓசையாகவும் மாற்றும் வித்தையை ஒரு மொழியிற் பெற்றுவிட்டால், அடுத்த மொழிக்கு அதனை எடுத்துச் செல்லலாம். தமிழிற் பத்துச் சொல் வாசித்த பிள்ளை ஆங்கிலத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை.

எத்தனை நேரம், எத்தனை வயதில் என்பன அடுத்த கேள்விகள். பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. பசியோடும் உறக்கத்தோடும் இருக்கும் பிள்ளையை இருத்த வேண்டா. கொழுந்து பறித்துவிட்டு இருட்டோடு லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு அந்தப் பத்து நிமிடமும் அரிது என்பதை அறிவோம். அவள் படுக்கையில் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லும் கதையும் வாசிப்புப் பயிற்சியே. வயதைப் பொறுத்தவரை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விடுங்கள். நான்கரை வயதில் வாசிக்கும் பிள்ளையும் உண்டு. ஆறரை வயதில் வாசிக்கும் பிள்ளையும் உண்டு. பின்லாந்து நாட்டிற் பிள்ளைகள் ஏழு வயதாகும் ஆண்டிலேதான் முதலாம் வகுப்பிற் சேருகின்றார்கள். அந்நாட்டார் வாசிப்பிற் பின்தங்கியவர்கள் அல்லர்.

எழுத்தைக் கண்ணாடியிற் கண்டாற்போலப் புரட்டி எழுதுவது ஐந்து ஆறு வயதிற் பெரும்பாலும் காணப்படுவது, அஞ்ச வேண்டா. ஏழு வயது கடந்தும் அது நீங்காவிட்டாலும், ஓசைகளைப் பிரித்து அறிவதிற் பெரிதும் இடர்ப்பட்டாலும், ஆசிரியரோடும் வைத்தியரோடும் கலந்து பேசுங்கள். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிக்கும் பிள்ளைக்கும், அழைத்தாற் திரும்பாத பிள்ளைக்கும் அடியன்று மருந்து. கண்ணையும் காதையும் முதலிற் சோதிப்பியுங்கள். மடையன் என்று பெயர் பெற்ற பிள்ளை, மூக்குக்கண்ணாடி அணிந்த மறுமாதமே கெட்டிக்காரனாகியதை நாம் கண்டிருக்கின்றோம்.

சங்கத்து இளைஞர்களே, உங்களுக்கென்று ஒரு வேலை சொல்லி முடிக்கின்றோம். எழுத்தறியாத ஆச்சிமார் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றார்கள். தமக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு எதனைச் சொல்லிக் கொடுப்பது என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கின்றார்கள். அவர்களிடம் இருக்கும் கதைகளோ எந்த நூலகத்திலும் இல்லை. சனிக்கிழமை மாலை ஆச்சி கதை சொல்லட்டும். கேட்ட கதையைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். சொல்லச் சொல்ல, நீங்கள் ஒரு தாளிற் பெரிய எழுத்தில், வரிக்கு நான்கு ஐந்து சொல்லாக, பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். “நரி ஓடிற்றுது” என்றால் அதனையே எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டா. அடியிற் பிள்ளை படம் கீறித் தன் பெயரை எழுதட்டும். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளைப் பிள்ளை ஆச்சிக்கு வாசித்துக் காட்டும். தன் வாயில் இருந்து வந்த சொற்களாதலால் வாசிப்பது கடினமாயிராது. இவ்வாறு பத்துத் தாள் சேர்ந்தால் நூலாற் கட்டி ஒரு புத்தகமாக்கி, அட்டையிற் கதை சொன்ன ஆச்சியின் பெயரையும் எழுதிய பிள்ளையின் பெயரையும் போடுங்கள். ஆச்சி அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்து, இது என்ன எழுத்து என்று பேரப்பிள்ளையைக் கேட்டாலும் கேட்பார்.

தாளும் பென்சிலும் சங்க அலுமாரியில் வாங்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டியவர்கள் செயலாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். ஐயங்கள் இருந்தால் இப்பொழுது கேட்கலாம். தாய்மார் முதலிற் கேட்கட்டும்.